வெளியே சொல்லாத வருத்தம்: வதைக்குள்ளாகும் பெண்பிள்ளைகளின் உடல்நலம்

நடமாடும் வைத்திய முகாமொன்றில் பதிவு எழுதும் வேலைக்கு நாம் நின்றபோது கண்டதை முதலில் சொல்லுகிறோம். பத்தொன்பது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை தாயுடன் வந்திருந்தாள். அந்த வருடத்தில் அவள் மருந்துக்கு வருவது ஐந்தாவது தடவை. முதலில் தலையிடி, பிறகு அடிவயிற்றுக் குத்து, பிறகு நாரி நோ, பிறகு வெள்ளைபடுதல், இப்போது கைகால் விறைப்பு. இரத்தம் சோதித்தார்கள், சலம் சோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. பனடோலும் விற்றமினும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"உவளுக்கு ஒரு வருத்தமும் இல்லையெண்டு டொக்டரே சொல்லிப்போட்டார் பாதர். வேலைக் கள்ளம். வெங்காயம் நடக் கூப்பிட்டால் உடனே நாரி நோகும்" என்று தாய் எம்மிடம் முறையிட்டார். அந்தத் தாயை நாம் குறை சொல்ல மாட்டோம். மூன்று இடத்தில் கொட்டில் போட்டு மூன்று இடத்திலும் விட்டுவிட்டு வந்தவர் அவர். ஆனால் அங்கு நின்ற வயதான தாதி ஒருவர் பிள்ளையை மாத்திரம் திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, "ஆரும் உம்மை அடிக்கிறவையோ, தொந்தரவு செய்யிறவையோ பிள்ளை?" என்று மெல்லக் கேட்டார். பிள்ளை பதில் சொல்லவில்லை, அழுதாள். அடுத்த முகாமுக்குத் தாய் இல்லாமல் தனியே வந்து சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அவளுக்கு வருத்தம் இருந்தது, அது உடம்பிலேயே இருந்தது, இரத்தப் பரிசோதனையில் தெரியும் வகையானதாக மட்டும் அது இருக்கவில்லை என்பதே இக்கட்டுரைக்குப் போதும்.

வதை என்றவுடன் அடியைத்தான் நினைக்கிறோம். பாலியல் தொந்தரவும் வல்லுறவும் வதைதான். நாள்தோறும் தூஷணத்தால் ஏசுவது, வெளியே போகவிடாமல் அடைத்து வைப்பது, உழைத்த கூலியைப் பறிப்பது, படிப்பை நிறுத்துவது, "சொன்னால் கொன்றுபோடுவேன்" என்று வெருட்டுவது எல்லாமே வதைதான். செய்பவர் கணவராக இருக்கலாம், காதலித்தவராக இருக்கலாம், சிற்றப்பனாக, மச்சானாக, ஆசிரியராக, வேலைக்கு வைத்திருப்பவராக, சீருடை அணிந்தவராக இருக்கலாம். எம்மைப்போல் அங்கி அணிந்தவராகவும் இருக்கலாம். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் விடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்த, வீட்டுக்கு வந்துபோகிற ஒருவரே செய்கிறார். முன்பின் தெரியாதவர் இருட்டில் பாய்வது குறைவு.

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் காரியமுமல்ல. 2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் பெண்களைத் தனித்தனியே சந்தித்து எடுத்த ஆய்வில், கணவர் அல்லது துணைவர் உள்ள, அல்லது முன்னர் இருந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவர்களின் கையால் உடல்வதையோ பாலியல் வதையோ பட்டிருப்பதாகக் கூறினார். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 19 வயதுக்குள் துணைவர் அமைந்த பெண்பிள்ளைகளிலேயே ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்த வயது முடிவதற்குள் இதை அனுபவித்துவிடுகிறார்.

இடப்பெயர்வு இதைப் பெருப்பிக்கிறது. 1990இலும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும், 2009இல் செட்டிக்குளத்து முகாம்களிலும் நடந்ததை வாசகர்களுக்கு நாம் சொல்லிக் காட்டவேண்டியதில்லை. ஒரு கூடாரத்துக்குள் இரண்டு மூன்று குடும்பம், கதவில்லாத கழிப்பிடம், இருட்டில் குளிக்கப் போகும் பெண்கள், உறவினர் அறிமுகமற்றவர் என்று பேதமில்லாமல் படுக்கை. ஊரில் வளவு இருந்தது, வேலி இருந்தது, பக்கத்து வளவில் மாமி இருந்தார். சத்தம் கேட்டால் வந்து எட்டிப் பார்ப்பார். அந்த மாமி இன்று எந்த ஊரிலோ, எந்த நாட்டிலோ. தகப்பனை இழந்த பிள்ளை, தாய் மத்திய கிழக்கு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்ட பிள்ளை, வாய்பேச முடியாத பிள்ளை, போரில் அங்கம் இழந்த பிள்ளை ஆகியோரே முதலில் அகப்படுகிறார்கள். மீளக்குடியேறிய பிறகும் அரைகுறை வீட்டில், கதவுக்குப் பதிலாகத் தறப்பாள் தொங்கும் வீட்டில் எத்தனையோ பெண்பிள்ளைகள் வளர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

இனி, மனதில் பட்ட காயம் எப்படி நாரியில் நோகிறது என்ற கேள்விக்கு வருவோம். பலர் இதை நம்புவதில்லை. "மனவருத்தமென்றால் அழவேண்டும், வயிறு ஏன் நோகவேண்டும்?" என்று கேட்கிறார்கள்.

வயல் வரம்பால் போகும்போது புடையனைக் கண்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் தீர்மானிப்பதற்கு முன்பே நெஞ்சு படபடக்கிறது, வாய் காய்கிறது, கால் தானாகப் பின்வாங்குகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் சுரப்பிகள் அதிரினலின் என்ற சுரப்பையும், தொடர்ந்து கோட்டிசோல் என்ற சுரப்பையும் இரத்தத்தில் விடுகின்றன. சமிபாடு மந்தமாகிறது, தசைநார்கள் இறுகுகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ கடவுள் தந்த ஏற்பாடு இது. பாம்பு போய்விட்டால் அரை மணித்தியாலத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பாம்பு வீட்டுக்குள்ளேயே இருந்தால்? ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டதும் அந்த மனிதனின் செருப்புச் சத்தம் கேட்குமென்றால்? அப்போது அந்த ஏற்பாடு ஓய்வதேயில்லை. தண்ணீர் இறைக்கும் மெசினை எண்ணெய் மாற்றாமல் இராப்பகலாக ஓடவிட்டால் என்னவாகும் என்று தோட்டக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இறுகிய தசைநார் இறுகியபடியே இருப்பதால் கழுத்தும் நாரியும் தலையும் நோகின்றன. குடல் ஒழுங்காக இயங்காமல் வயிற்றுக் குத்தும் ஓங்காளமும் வருகின்றன. மாதவிடாய் தவறுகிறது, அல்லது கடும் நோவுடன் வருகிறது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. நித்திரை கலைகிறது. கலைந்த நித்திரையில் நடந்ததெல்லாம் திரும்பக் கனவாக வருகிறது. பகலில் பாத்திரம் விழுந்தாலும் துள்ளி எழும்புகிறாள். சில பிள்ளைகள் மறுபக்கமாக, ஒன்றும் உணராத மரக்கட்டைபோல் ஆகிவிடுகிறார்கள். "நல்ல அடக்கமான பிள்ளை" என்று நாம் பாராட்டுகிற சிலர் அடக்கமானவர்களல்ல, விறைத்துப் போனவர்கள்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளநல வைத்தியராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்ற சொல்லை எம்மிடையே பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். போர் தந்த மனவடுவுக்குள்ளே வீட்டு வதை தந்த மனவடுவும் ஒளிந்திருப்பது எமது பகுதியின் தனிக் கஷ்டம். "சண்டைக்குள்ளால் வந்த பிள்ளை, அதுதான் இப்படி" என்று சொல்லிவிட்டால் வேறு கேள்வி கேட்கத் தேவையில்லாமல் போகிறது. இந்தத் தவறை நாமே பலமுறை விட்டிருக்கிறோம்.

சிறுவயதில் பட்ட வதை பிற்காலத்திலும் விடுவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெலிற்றி, அண்டா என்ற இரு வைத்தியர்கள் பல்லாயிரம் பேரை விசாரித்து 1998இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பேர்பெற்றது. சிறுவயதில் எத்தனை வகையான துன்பத்துக்கு ஆளானார்களோ அந்த அளவுக்கு வளர்ந்தபின் இருதய நோய், மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி ஆகியவை கூடியிருக்கக் கண்டார்கள். அவர்கள் விசாரித்தது வேலையும் வருமானமும் உள்ள மக்களை. அங்கேயே அப்படியென்றால் எமது கொட்டில்களில் எப்படியிருக்கும்!

வெள்ளைபடுதலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். எமது தாய்மாரும் பிள்ளைகளும் கிளினிக்கில் அதிகம் சொல்லும் முறைப்பாடுகளில் இதுவொன்று. இந்தியாவின் கோவாவில் விக்ரம் பட்டேல் என்ற உளநல வைத்தியரும் அவரது குழுவும் இதை ஆராய்ந்தபோது, இந்த முறைப்பாட்டைச் சொன்ன பெண்களில் பலருக்குக் கிருமித்தொற்று இருக்கவில்லை. மனச்சோர்வும் வீட்டுக் கஷ்டமுமே அதனுடன் கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தன. வெட்கத்தால் சொல்ல முடியாத ஒன்றை, சொல்லக்கூடிய ஒரு வருத்தத்தின் பெயரால் சொல்லுகிறார்கள். ஆனால் இதை வைத்துக்கொண்டு "எல்லாம் மனப்பிரமை" என்று தள்ளிவிடவும் கூடாது. வற்புறுத்திய உறவால் மேகநோய், கிரந்தி, எச்.ஐ.வி. போன்றவை தொற்றலாம். நாற்றம், நிறமாற்றம், சொறிவு, காய்ச்சல், புண் இருந்தால் தாமதியாமல் சோதிக்க வேண்டும். சில தொற்றுக்கள் அறிகுறியின்றி இருந்து கருப்பைக் குழாய்களைப் பழுதாக்கி, பிற்காலத்தில் பிள்ளைப் பாக்கியம் இல்லாமல் செய்கின்றன. அதற்குப் பிறகு "மலடி" என்ற பேரும் அவளுக்குத்தான்.

'பேய் பிடித்தது' என்று கோவிலுக்கும் சுரூபத்துக்கும் கொண்டுவரப்படும் பிள்ளைகளும் உண்டு. திடீரென விழுந்து கைகாலை உதறுவாள், வேறு குரலில் கதைப்பாள், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மாத்திரம் ஆடத் தொடங்குவாள். அவை எல்லாம் வதையால் வருபவை என்று நாம் சொல்ல வரவில்லை. வலிப்பு நோயும் இருக்கலாம், வைத்தியர் பார்க்க வேண்டும். ஆயினும் யாரைக் கண்டால் ஆடுகிறாள் என்பதைக் கவனியுங்கள். செபிப்பதை ஒருவரும் தடுக்கவில்லை. வேப்பங்குழையால் அடிப்பதும் புகைபோடுவதும், ஏற்கெனவே அடிபட்ட உடம்புக்கு இன்னொரு அடி.

பிள்ளையைக் காப்பாற்றுவதற்கென்று கட்டிக்கொடுப்பதும் எம்மிடையே நடக்கிறது. போர்க் காலத்தில், ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதினைந்து பதினாறு வயதில் கட்டிக்கொடுத்த பெற்றோர் பலர். அவர்கள் நிலையில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போமோ தெரியாது. ஆனால் அந்தப் பயம் போனபிறகும் "குமர்ப்பிள்ளையை வீட்டில் வைத்திருக்கேலாது" என்ற கதை போகவில்லை. 1995இல் திருத்தப்பட்ட பொதுச் சட்டப்படி திருமண வயது 18. இடுப்பெலும்பு வளர்ந்து முடியாத, ஏற்கெனவே இரத்தச்சோகை உள்ள பிள்ளை கர்ப்பமாகும்போது வலிப்புச் சன்னியும், பிரசவம் தடைப்படுவதும், குறைமாதப் பிள்ளையும் கூடுதலாக ஏற்படுகின்றன. அத்துடன் அடியும் சேர்ந்தால்? கர்ப்பிணியின் வயிற்றில் உதைப்பது நஞ்சுக்கொடி கழன்று தாயும் சேயும் சாவதற்குக் காரணமாகலாம். துணைவரிடம் வதைபடும் பெண்களின் பிள்ளைகள் நிறைகுறைவாகப் பிறப்பது 16 வீதம் கூடுதல் என்றும், அப்பெண்களுக்கு மனச்சோர்வு ஏற்படுவது ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

தோட்டக்காரர் வீடுகளில் இன்னொரு ஆபத்து கூரை வளையில் செருகியோ கட்டிலுக்குக் கீழே தள்ளியோ இருக்கிறது. அது பூச்சிமருந்துப் போத்தல். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. கடும் நஞ்சுகளை அரசாங்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. நஞ்சைக் குடிப்பவர்களில் பெரும்பாலோர் சாகவேண்டுமென்று நாட்கணக்கில் திட்டமிட்டவர்களல்லர். தாங்க முடியாத அந்த அரை மணித்தியாலத்தில் கைக்கெட்டியதை எடுத்தவர்கள். அந்த நேரம் கடந்துவிட்டால் பலர் பிழைத்து வாழ்கிறார்கள். அடிபட்டு மூலையில் குந்தியிருக்கும் பெண்பிள்ளைக்கு அந்தப் போத்தல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே கேள்வி.

பூட்டுப்பெட்டியில் வைத்தால் போதும் என்று நாமும் நினைத்திருந்தோம். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் பூட்டுப்பெட்டி கொடுத்தும் கொடாமலும் ஒப்பிட்டு நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. பெட்டி கொடுத்த கிராமங்களில் நஞ்சருந்துதல் குறையவில்லை. ஆகவே எமது ஆலோசனை வேறு: அன்றைக்கு அடிக்கத் தேவையான அளவு மருந்தை மாத்திரம் வாங்குங்கள், நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டு அன்றே முடியுங்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பிள்ளை "செத்தால் நல்லம்" என்று சொன்னால் அதைப் பயமுறுத்தல் என்று எண்ணாமல் பக்கத்தில் இருந்து கேளுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் கதைக்கலாம்.

வல்லுறவு நடந்துவிட்டதென்றால் முதல் மூன்று நாட்கள் மிக முக்கியம். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். முந்தினால் முந்திய பலன். ஈரல் அழற்சித் தடுப்பூசி, ஏற்பூசி, மேகநோய்த் தடுப்பு மருந்து ஆகியவையும் உண்டு. கர்ப்பம் பற்றிய பயத்தையும் அன்றைக்கே வைத்தியரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதிலும் தாமதம் கூடாது. குளிக்காமல், உடுப்பைத் தோய்க்காமல் போவது நல்லது. உடுப்பைக் கடதாசிப் பையில் எடுத்துச் செல்லுங்கள், பொலித்தீன் பையில் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் ஏற்கெனவே குளித்துவிட்டாளென்றால் "இனிப் போய்ப் பயனில்லை" என்று இருந்துவிடாதீர்கள். பொலிசுக்குப் போய்த் துண்டு வாங்கிய பிறகுதான் மருந்து செய்வார்கள் என்பது பிழையான கதை. நேரே அரசாங்க வைத்தியசாலைக்குப் போகலாம். அங்கிருந்தே பொலிசுக்கு அறிவிப்பார்கள், சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். பிள்ளையின் சம்மதத்துடனேயே சோதிக்க வேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை 'விரும்பித்தான் போனாள்' என்று யார் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது வல்லுறவே.

பல அரசாங்க வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' என்ற பெயரில் ஓர் அறை இருக்கிறது. சிங்களத்தில் 'மித்துரு பியச' என்பார்கள், 2007இல் மாத்தறையில் தொடங்கியது. வதைபட்ட பெண்களைத் தனியே வைத்துக் கதைக்கவும், மருந்துக்கும் சட்ட உதவிக்கும் வழிகாட்டவும் பயிற்சிபெற்ற தாதிமார் அங்கே இருப்பார்கள். காசு இல்லை. வாசலில் நின்று "நட்பு நிலையம் எங்கே?" என்று கேட்டால் யாருக்கும் காரணம் விளங்காது, அந்தப் பெயரின் நன்மை அது.

சட்டம் என்றவுடன் "புருசனை மறியலில் போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு ஆர் சாப்பாடு போடுறது?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆனால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடைச் சட்டம் மறியலுக்கு அனுப்பும் சட்டமல்ல. நீதவான் நீதிமன்றில் விண்ணப்பித்தால், அடிக்கக்கூடாது, கிட்ட வரக்கூடாது, வேலை செய்யும் இடத்தில் தொந்தரவு செய்யக்கூடாது என்று நீதவான் கட்டளையிடுவார். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு பன்னிரண்டு மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. பெண்ணின் சார்பில் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். அந்தக் கட்டளையை மீறினால்தான் தண்டனை. பெண்கள் விவகாரங்களுக்கான உதவி இலக்கம் 1938, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கான சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. பிரதேச செயலகத்திலும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார்.

எம்மைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். முன்பொரு காலம் இப்படியான பிரச்சினை வந்தால், பங்கு மனையின் விறாந்தையில் இரண்டு பகுதியையும் இருத்திச் சமாதானம் பேசுவோம். கெடுத்தவனுக்கே கட்டிவைத்துவிட்டால் பிள்ளையின் மானம் காப்பாற்றப்பட்டது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள், நாமும் தலையாட்டுவோம். அப்படிக் கட்டிவைத்த ஒரு பிள்ளையைச் சில வருடங்கள் கழித்து வைத்தியசாலைக் கட்டிலில் தாடை முறிந்த நிலையில் கண்டோம். அவளால் கதைக்க முடியவில்லை, எங்களை வெறித்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த விறாந்தையில் அந்தப் பேச்சு நடப்பதில்லை.

பிள்ளை சொல்ல வாய் திறக்கும்போது கேட்பவர் சொல்லும் முதல் வசனத்திலேயே மிச்சத்தைச் சொல்வாளா விழுங்குவாளா என்பது தங்கியிருக்கிறது. "நீ ஏன் அங்கே போனனி?", "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?", "சத்தம் போடாதை, சனம் கேட்கப் போகுது" என்பவை வாயை மூடும் வசனங்கள். "நீ சொன்னது நல்லது. இது உன்ரை பிழையில்லை" என்றால் போதும். விபரத்தைத் துருவித் துருவிக் கேட்கவேண்டாம், அது வைத்தியரின் வேலை. வேறு யாருக்குச் சொல்லலாம் என்பதை அவளிடமே கேளுங்கள். அந்த ஆள் வீட்டிலேயே இருந்தால் அன்றிரவு அவள் எங்கே படுப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள், மற்றதெல்லாம் விடிந்தபிறகு.

வதைபட்ட பிள்ளை தேறுவதற்குக் காலம் எடுக்கும், ஆனால் தேறுகிறாள். மூச்சை ஆறுதலாக இழுத்து விடும் பயிற்சி, ஒழுங்கான நித்திரை, பழகியவர்களுடன் சேர்ந்து வேலை, நம்பிக்கையான ஒருவருடன் கிழமைக்கு ஒருமுறை கதைப்பது, தேவையானால் வைத்தியர் தரும் மருந்து ஆகியவை ஓடிக்கொண்டேயிருந்த அந்த மெசினைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துகின்றன. நாம் முதலில் சொன்ன பிள்ளை தாயின் தமக்கை வீட்டுக்குப் போனாள். நாரி நோ நிற்க எட்டு மாதம் எடுத்தது. தலையிடி இன்னும் இடைக்கிடை வருகிறதாம். தையல் பழகுகிறாள்.

உங்கள் ஊருக்குக் குடும்பநல உத்தியோகத்தர் வரும் நாள் எதுவென்று தெரிந்து வைத்திருங்கள். வீட்டில் குமர்ப்பிள்ளை இருந்தால், அவர் வரும்போது பிள்ளையைப் பத்து நிமிடம் அவருடன் தனியே கதைக்க விட்டுவிட்டு, தாய்மாரே, நீங்கள் கிணற்றடிக்குப் போய்விடுங்கள்.